அடுத்த கருவுக்கு முன்னால் ரத்தம் ஊறட்டும்

கேள்வி: எனக்கு வயது 24. இருளர் சமூகம். எங்கள் பதி (எங்கள் குடியிருப்பு) கீழே மலைச்சரிவில் இருக்கிறது. இப்போது கோத்தகிரிக்குப் பக்கத்தில் எஸ்டேட் லைன் வீட்டில் தங்கிக் கொழுந்து பறிக்கிறேன். மகளுக்குப் பத்து மாதம் ஆகிறது. சிசேரியனில் பிறந்தாள். தாய்ப்பாலும் கொடுக்கிறேன், சோறும் ஊட்டுகிறேன். இன்னும் தீட்டு வரவில்லை. போன மாதம் நர்சம்மா விரலில் குத்திப் பார்த்ததில் ரத்தம் 9.2 என்றார். எடை 41 கிலோ, உயரம் 151 செ.மீ. சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிட்டேன். "இன்னொன்றையும் இப்பவே பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோ, ரெண்டும் ஒண்ணா வளர்ந்துடும்" என்கிறார் மாமியார். முகாமில் எனக்கு 'சிக்கிள் கேரியர்' என்று கார்டு கொடுத்தார்கள். வீட்டுக்காரர் என் மாமன் மகன்தான். அவர் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அடுத்த குழந்தைக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். அதற்கான அட்டை நர்சம்மாவிடமும் ஆஷா பணியாளரிடமும் இலவசமாகக் கிடைக்கும். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று ஊரில் சொல்வது மூன்று விஷயமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்போது மட்டுமே சரி: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது, தீட்டு திரும்பியிருக்கக் கூடாது. உங்கள் மகளுக்குப் பத்து மாதம், சோறும் சாப்பிடுகிறாள். அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. பிரசவத்துக்குப் பிறகு முதல் தீட்டு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். அதனால்தான் 'தீட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்த பல பெண்களுக்கு, தீட்டைப் பார்க்காமலே அடுத்த கரு நின்றுவிடுகிறது. பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், இந்த மூன்று வாரத்துக்குள் சேர்ந்திருந்தால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம்.

உண்டு என்று வந்துவிட்டால் கலங்க வேண்டாம், ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் வேண்டும். சிசேரியன் தழும்பின் மேலேயே கரு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. வீட்டுக்காரரின் சிக்கிள் (ரத்த அணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறைபாடு) பரிசோதனையை அந்த வாரமே முடித்துவிட வேண்டும். ரத்தம் ஏற, நான்காம் மாதம் முதல் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். இனி எழுதுவது, இல்லை என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு.

உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீச்சில் வளர்த்துவிட்டால் சீக்கிரம் முழுநேர வேலைக்குத் திரும்பலாம் என்பது வயிற்றுப்பாட்டைப் பார்த்த பெண்ணின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் உடம்பின் இருப்பு சேரவில்லை. ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதம் கழிந்த பிறகே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மகளின் இரண்டாவது பிறந்தநாள்தான் அந்த எல்லை. இன்னும் பதினான்கு மாதம். அப்போது உங்களுக்கு 25 அல்லது 26 வயது. அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. உங்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. கர்ப்பப்பையில் தையல் போட்ட இடம் கெட்டிப்பட வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவில் ஒன்றரை ஆண்டுகூட இல்லாதபோது, அடுத்த முறை வலி வரும் நேரத்தில் அந்தத் தழும்பு பிரியும் ஆபத்து அதிகம். பிரிந்தால் தாய்க்கும் சேய்க்கும் நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். மலைப்பாதையில் அந்த நிமிடங்கள் கிடைக்காது.

அடுத்து ரத்தம், அதாவது நர்சம்மா அளந்த ஹீமோகுளோபின். இந்தப் பதிலில் நீங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு செலவாகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரு பங்கு, உங்கள் உடம்பில் கூடும் ரத்தத்துக்கு ஒரு பங்கு, பிரசவத்தில் போவது ஒரு பங்கு. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி அன்றாடத் தேய்மானத்துக்கே போய்விடும். உங்கள் எடையையும் 9.2 என்ற அளவையும் வைத்துக் கணக்கிட்டால், ரத்தத்தைச் சரிக்கட்டவும் ஈரலில் கையிருப்பு வைக்கவும் சேர்த்து 800 மில்லிகிராமுக்கு மேல் இப்போது பற்றாக்குறை. கரு நின்ற பிறகு மாத்திரையைத் தொடங்கினால், பழைய கடனை அடைப்பதா, புதுச் செலவைப் பார்ப்பதா என்று உடம்பு திணறும். இந்தப் பதினான்கு மாதம் சும்மா காத்திருக்கும் காலம் இல்லை, கடனை அடைக்கும் காலம்.

உயரத்தின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மலையில் காற்று மெலிவு என்பதால், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே இங்கே ரத்த அளவு சமவெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், இருக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1,500 முதல் 2,000 மீட்டர் வரையுள்ள ஊர்களில் வசிப்பவர்களுக்கு, அளந்து வந்த எண்ணிலிருந்து 1.1 கழித்துப் பார்க்க வேண்டும். 1,000 முதல் 1,500 மீட்டர் வரை 0.8. கோத்தகிரியும் குன்னூரும் முதல் வரிசையில் வரும், கூடலூர்ப் பக்கம் இரண்டாவதில். ஊட்டி 2,000 மீட்டருக்கும் மேலே; அங்கே 1.4 கழிக்க வேண்டும். உங்கள் 9.2-இல் 1.1 போனால் 8.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடும் சோகை. நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். 'ஒன்பதுதானே, பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நீங்கள் எட்ட வேண்டியது 12 அல்ல, 13. விரலில் குத்திப் பார்க்கும் சோதனையில் அளவு முன்பின் வரும். விரலைப் பிதுக்கினால் ரத்தத்தோடு நீரும் கலந்து குறைத்துக் காட்டும். அதனால் கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கையில் ரத்தம் எடுத்து முழு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடப்பது, கால் வீங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். மலம் கறுப்பது மாத்திரையில் உறிஞ்சப்படாமல் மிஞ்சிய இரும்பு வெளியே போவதால். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், தலை பெருக்கும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் கிடையாது. குமட்டல் மட்டும் உண்மையான தொந்தரவு. பெரும்பாலும் வெறும் வயிற்றில், விடியற்காலை வேலைக்கு ஓடும் அவசரத்தில் இரண்டு மாத்திரையை ஒன்றாக விழுங்குவதால் வருகிறது. நீங்கள் இப்படித் தொடங்குங்கள். சிவப்பு மாத்திரை ஒன்று மட்டும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு விழுங்குங்கள். குமட்டல் வந்தாலும் தூக்கத்தில் கடந்துவிடும். அப்படியும் தாங்கவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும், மேற்கொண்டு இரும்பை உறிஞ்சாதபடி ஈரல் ஏறக்குறைய ஒரு நாள் தடுத்து வைக்கும். அதனால் ஒரு நாள் இடைவெளி விட்டாலும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இழப்பில்லை. அடியோடு நிறுத்துவதில்தான் இழப்பு. பழகிய பிறகு, ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்பதை ரத்த அளவைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் ஒன்றை ஒன்று தடுக்கும்.

மாத்திரை டப்பாவை மகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுகியதாக வையுங்கள். மிட்டாய் போல இனிப்புப் பூச்சோடு இருக்கும் அந்தச் சிவப்பு மாத்திரைகளில் ஒரு கைப்பிடியைத் தவழும் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. லைன் வீட்டில் தரையை ஒட்டிய அலமாரியில் வைப்பதுதான் பழக்கம். அதை இன்றே மாற்றிவிடுங்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு ரத்தம் குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறினால், 13-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். எண் ஏறியதும் மாத்திரையை விட்டுவிடுவார்கள், கையிருப்பு நிரம்பாது, முதல் இரண்டு தீட்டிலேயே எண் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒன்று போதும். ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேட வேண்டும். வயிற்றில் கொக்கிப்புழு இருக்கலாம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி நீக்க வேண்டும். கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் சாப்பிடுங்கள். வெறுங்காலோடு தோட்டத்து மண்ணில் நடந்தால் புழு திரும்ப ஏறும், பூட்ஸ் வேண்டும். இரண்டாவது, பி12 போன்ற வேறு சத்துக் குறைவு. மூன்றாவது, தேயிலை.

தேநீரில் உள்ள துவர்ப்புச் சத்து கீரை, பருப்பு, கேழ்வரகிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் கட்டந்தேநீர் குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். குளிரில் நிற்கும் பெண்ணிடம் டீ குடிக்காதே என்று சொல்வது நியாயமில்லை. நேரத்தை மட்டும் நகர்த்துங்கள். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. பத்து மணி டீயும் மாலை டீயும் இருக்கட்டும். மதியச் சோற்றுக்கு வெந்நீர் குடியுங்கள், கூடவே ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ கடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, தேயிலை செய்வதற்கு நேர் எதிர்வேலையைச் செய்யும்.

உங்கள் உயரத்துக்கு 41 கிலோ குறைவு. 43-ஐத் தாண்ட வேண்டும், 45 நல்ல இலக்கு. மெலிந்த தாய்க்கு எடை குறைந்த குழந்தையும், நாள் முந்திய பிரசவமும் வர வாய்ப்பு அதிகம். பால் கொடுப்பதால் தினமும் வழக்கத்தைவிடச் சுமார் 500 கலோரி கூடுதலாக உங்களுக்குத் தேவை. அதாவது ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, உள்ளங்கை அளவு கேழ்வரகுக் களி. இவை நீங்கள் இப்போது சாப்பிடுவதற்கு மேல் வர வேண்டியவை, அதற்குப் பதிலாக அல்ல. நீலகிரி ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசியில் ஒரு பங்குக்குக் கேழ்வரகு கொடுக்கிறார்கள். அதை வாங்காமல் விட வேண்டாம். முளைகட்டி, காயவைத்து அரைத்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். வாரம் ஒரு நாள் 50 முதல் 75 கிராம் கோழி ஈரல், இரண்டு நாள் கருவாடோ மீனோ. ஈரலைக் கரு நின்ற பிறகு நிறுத்திவிட வேண்டும். அதிலுள்ள அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ கருவுக்கு ஆகாது. உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். மலை மண்ணில் அயோடின் குறைவு, கருவின் மூளை வளர்ச்சிக்கு அது தேவை. கல்லுப்பு வாங்கினாலும் பாக்கெட்டில் அயோடின் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது நீங்கள்தான் என்றால், எல்லோருக்கும் பரிமாறும் முன்பே உங்கள் முட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இது உங்களுக்கு மருந்து.

இனி சிக்கிள் கார்டு. இந்தியாவில் இந்த ரத்தக் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் பல குடும்பங்களில் கார்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது, அதன் பொருளை யாரும் விளக்கவில்லை. கேரியர் என்றால் நீங்கள் நோயாளி இல்லை. ரத்தத்தின் நிறமியை உண்டாக்கும் மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. உங்களிடம் ஒன்று இயல்பானது, ஒன்று மாறியது. உங்கள் 9.2-க்குக் காரணம் இந்தக் கார்டு அல்ல. இரும்பு மாத்திரைக்கும் அது தடையில்லை. சிக்கிள் நோயே உள்ளவர்கள் மட்டும்தான் உடம்பில் இரும்பு இருப்பை அளந்த பிறகு சாப்பிட வேண்டும்.

கேள்வியெல்லாம் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றியது. அவர் கேரியர் இல்லை, ரத்தம் இயல்பானது என்றால், உங்கள் பிள்ளைகள் அதிகபட்சம் உங்களைப் போல கேரியராக இருப்பார்கள், அவ்வளவுதான். அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கேரியராக இருக்க நாலில் இரண்டு, ஒன்றும் இல்லாமலிருக்க நாலில் ஒன்று. ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதால் இரண்டாவதும் நன்றாக இருக்கும் என்று ஆகாது. அவர் உங்கள் மாமன் மகன் என்பதால், அதே மரபணு அவரிடமும் இருக்க வாய்ப்பு வெளியாரைவிடக் கூடுதல். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை இலவசம். வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும். முகாமில் செய்வது முதல்கட்டச் சோதனை, முடிவை, ரத்த நிறமியின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற சோதனையில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சிக்கிளோடு சேர்ந்தால் அதே அளவு தொல்லை தரும் தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைகளையும் அது காட்டிக்கொடுக்கும். கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை சிக்கிள் நோயாளிகளை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது.

ஆண்கள் இதற்கு வரத் தயங்குவது, குறை தன் பேரில் விழுந்துவிடுமோ என்ற பயத்தினால்தான். அவரிடம் "உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லாதீர்கள். "என்னிடம் பாதி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, பாப்பாவுக்காக மீதியையும் தெரிந்துகொள்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். மகளுக்கும் சேர்த்து எச்.பி.எல்.சி. செய்துவிடுங்கள். கையும் காலும் புறங்கையோடு வீங்கி அழுவது, கண் மஞ்சளாவது, திடீரென வெளிறிப்போவது, விடாத காய்ச்சல் இவை இருந்தால் நாள் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நோய் இருப்பது முன்பே தெரிந்தால் ஐந்து வயது வரை பென்சிலினும் நிமோனியாத் தடுப்பூசியும் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்ற முடியும்.

இருவருமே கேரியர் என்று தெரியவந்தால், கரு பத்துப் பன்னிரண்டு வாரமாக இருக்கும்போதே நஞ்சுக்கொடியிலிருந்து சிறு மாதிரி எடுத்துக் கருவுக்கு நோய் உண்டா என்று சொல்லிவிடலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். அதைச் செய்வதா, முடிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. மாமியாரோ மருத்துவரோ எடுக்க வேண்டியதல்ல. ஆனால் யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் பரிசோதனை கருவுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பலருக்கு ஐந்தாம் மாதத்தில்தான் விஷயம் தெரியவருகிறது.

இந்தப் பதினான்கு மாதத்துக்கு எந்தத் தடுப்பு முறை? எல்லாமே அரசு நிலையங்களில் இலவசம். உங்கள் ரத்த அளவை வைத்துப் பார்த்தால், தீட்டைக் குறைக்கும் முறை உங்களுக்கு நல்லது. காப்பர்-டி கர்ப்பப்பைக்குள் வைக்கும் நல்ல சாதனம்தான், அதை வெளியே எடுத்த உடனே கரு தங்கலாம். ஆனால் முதல் சில மாதம் போக்கை அதிகமாக்கும் என்பதால், இப்போதைய நிலையில் அதை உங்களுக்கு முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். என் தேர்வு 'சாயா' மாத்திரை. ஹார்மோன் இல்லாதது, தாய்ப்பாலைக் குறைக்காது, தீட்டைக் குறைக்கும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, ஞாயிறும் புதனும். அதன் பிறகு ஞாயிறு மட்டும். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் விழுங்கிவிட்டு, அடுத்ததை வழக்கமான கிழமையிலேயே சாப்பிடுங்கள். அடுத்த தீட்டு வரை ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் தவறினால் மறுபடி வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும். தீட்டு வராத நிலையில் தொடங்குவதால் முதல் சில வாரமும் ஆணுறை இருக்கட்டும். மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் சாயா ஆகாது. வாரக்கிழமை நினைவில் நிற்காது என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி. அதிலும் தீட்டு குறையும், சில பேருக்கு நின்றே போகும். அது கெட்ட ரத்தம் உள்ளே தங்குவதல்ல. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம். அதனால் இரண்டு ஊசியோடு நிறுத்திக்கொண்டு சாயாவுக்கோ ஆணுறைக்கோ மாறிவிடுங்கள்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. மருந்து அடித்த பகுதியில் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து அடிக்கும் வேலையை, கருவுக்கு முயலும் மாதங்களிலும் அதற்குப் பின்னும் ஏற்காதீர்கள். வீட்டுக்காரர் மருந்து அடிப்பவர் என்றால் அவர் உடுப்பைத் தனியாக அலச வேண்டும், அதையும் அவரே அலசட்டும். அடுத்தது தண்ணீர். காட்டில் ஒதுங்க இடமில்லை என்று காலை முதல் தண்ணீரே குடிக்காமல் சிறுநீரை அடக்கும் பழக்கம் பறிக்கும் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. சிக்கிள் கேரியர் பெண்களுக்குக் கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு கூடுதல், தொற்று முற்றினால் குறைப்பிரசவம் வரை போகும். ஒரு லிட்டர் பாட்டிலை மதியத்துக்குள் முடியுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழியுங்கள். கடைசியாக, குளிருக்கு வாயில் அடக்கும் வெற்றிலையில் புகையிலை இருந்தால் அதை இப்போதே விட வேண்டும். அது குழந்தையின் எடையை நேரடியாகக் குறைக்கும்.

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது ஆகும்போது, அதாவது முயற்சிக்கு மூன்று மாதம் முன்னால், சிவப்பு மாத்திரையை மறுபடி தினம் ஒன்று என்று ஆக்குங்கள். இந்த முறை அதிலுள்ள ஃபோலிக் அமிலத்துக்காக. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் முதல் 28 நாளிலேயே மூடிவிடும். நாள் தள்ளியிருக்கிறதே என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதே சமயத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரூபெல்லா தடுப்பூசி இதுவரை போடவில்லை என்றால் போட்டுக்கொண்டு, அதன் பிறகு ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முயற்சியைத் தொடங்கும் மாதத்தைக்கூட யோசித்து வைக்கலாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண் சரிந்து சாலை அடைபடும். 2009 நவம்பரில் நடந்த பெரும் மண்சரிவு நீலகிரியில் யாருக்கும் மறந்திருக்காது. பிரசவ மாதம் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் விழ வேண்டும் என்றால் மே முதல் ஜூலைக்குள் கரு நிற்க வேண்டும். நினைத்தபடி அமையாவிட்டால், கடைசி இரண்டு மூன்று வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்குங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கென்றே காத்திருப்பு அறை உண்டு. உங்களுக்கு அடுத்த பிரசவம் அறுவை அரங்கும் ரத்தமும் உள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும், துணை சுகாதார மையத்தில் அல்ல. எஸ்டேட்டில் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், தற்காலிகத் தொழிலாளியாக இருந்தாலும், 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை. மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) உங்கள் பேர் ஒழுங்காக ஏறுகிறதா என்று இப்போதிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மருத்துவமனையில் நகல் கேட்டு வாங்குங்கள். எதற்காக சிசேரியன் செய்தார்கள், கர்ப்பப்பையில் வெட்டு எந்த இடத்தில், ரத்தம் ஏற்றினார்களா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சிக்கிள் கார்டு, ரத்த அளவு எழுதிய தாள், இந்தச் சீட்டு, வீட்டுக்காரரின் முடிவு நான்கையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு எடுத்த ரத்த அளவும் வீட்டுக்காரரின் எச்.பி.எல்.சி. முடிவும் வந்ததும் எழுதுங்கள், அந்த எண்களைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.